உத்தம் – சுசித்ரா: வங்காளத் திரையின் காதல் இணையும் இரசிகர் உள்ளமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அச்சமுதாயம் உழைத்த வகையையும், ஆளப்பட்ட வகையையும், போராடிய வகையையும் ஆராய்வது வழக்கம். அச்சமுதாயம் எதனைக் கண்டு மகிழ்ந்தது, எதற்காகத் தன் சிறு வருவாயிலிருந்து காசு கொடுத்து வரிசையிற் காத்து நின்றது என்னும் வினாக்கள் பெரும்பாலும் வரலாற்றின் புறத்தே விடப்படுகின்றன. திரையில் தோன்றும் காதல் இணையொன்றின்மீது மக்கள் கொள்ளும் பேரார்வம் இவ்வாறு விடப்பட்டவற்றுள் ஒன்றாகும். கற்றோர் அதனை இளமையின் மயக்கம் என்பர். சிலர் வணிகத்தின் சூழ்ச்சி என்பர். ஆயின், ஒரு மொழி பேசும் மக்கள் கூட்டமொன்று இருபதாண்டுகளுக்கு மேலாக ஒரே இணையைத் திரும்பத் திரும்பக் காண விரும்பியதெனில், அவ்விருப்பத்துக்குச் சமூகக் காரணங்கள் இருத்தல் வேண்டும். வங்காளத் திரையில் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் பெற்ற வரவேற்பு இவ்வுண்மையை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

இரு நடிகர் திரையிற் சேர்ந்து தோன்றும்போது அவர்களிடையே எழும் ஈர்ப்பை ஆங்கில வழக்கைப் பின்பற்றி ‘இரசாயனம்’ என்று கூறும் வழக்கம் இன்று தமிழிலும் பரவியுள்ளது. இச்சொல் ஒருவகையிற் பொருத்தமானதே. தனித்தனியே நின்றபோது இல்லாத ஒன்று சேர்க்கையினாற் பிறக்கின்றது என்பதை அது சுட்டுகின்றது. ஆயினும், அச்சேர்க்கை எவ்வெவற்றாலானது, எந்த வெப்பத்தில் நிகழ்ந்தது என்னும் வினாக்களை அச்சொல் எழுப்புவதில்லை. விளக்கவியலாத விந்தையென அதனை விட்டுவிடுகின்றது. விந்தையாகத் தோன்றுவதற்கும் வரலாறு உண்டு.

பிரிவினைக்குப் பின் வங்காளம்

1943ஆம் ஆண்டின் பெரும் பஞ்சம், 1946 ஓகஸ்ட் மாதத்துக் கல்கத்தாக் கொலைகள், 1947ஆம் ஆண்டின் நாட்டுப் பிரிவினை ஆகிய மூன்றும் நான்காண்டு கால எல்லைக்குள் வங்காளத்தைத் தாக்கின. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானின் பகுதியாயிற்று. அங்கிருந்து மேற்கு நோக்கி அகதிகள் வந்துகொண்டேயிருந்தனர். 1950ஆம் ஆண்டுக் கலவரங்களின் பின்னர் அவ்வருகை மேலும் பெருகிற்று. சியால்டா புகையிரத நிலையம் அகதிகளின் உறைவிடமாயிற்று. நகரின் தென்புறத்து வெற்று நிலங்களிற் குடியேற்றங்கள் எழுந்தன. கூட்டுக் குடும்பங்கள் சிதைந்தன. வீடு என்பது கிடைத்தற்கரிய பொருளாயிற்று. வருவாய்க்காக நடுத்தர வகுப்புப் பெண்கள் அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் தொழில் தேடிச் சென்றனர்.

திரைப்படத் தொழிலும் இதே காலத்தில் நெருக்கடிக்குள்ளாயிற்று. வங்காளப் படங்களின் சந்தை எல்லைக்கோட்டினால் இரண்டாகப் பிளவுண்டது. 1931ஆம் ஆண்டில் பி. என். சர்க்கார் தொடங்கிய ‘நியூ தியேட்டர்ஸ்’ நிறுவனம் தன் பழம்பெருமையை இழந்துகொண்டிருந்தது. அந்நிறுவனத்தின் புகழ்மிக்க படைப்பான ‘தேவதாஸ்’ (1935) முந்திய தலைமுறையின் காதலுக்கு இலக்கணம் வகுத்திருந்தது. பிரமதேஷ் பருவா நடித்த அப்படத்தின் நாயகன் குடும்பத்தின் சொல்லை மீறவியலாதவன்; மீறாமையால் அழிந்தவன். காதல் என்றால் பிரிவு, குடி, இறப்பு என்னும் அம்முடிவைக் கண்டு ஒரு தலைமுறை கண்ணீர் வடித்தது. பஞ்சத்தையும் பிரிவினையையும் கடந்து வந்த அடுத்த தலைமுறைக்கு இறப்பும் பிரிவும் திரையிற் காணவேண்டிய புதுமைகளாக இருக்கவில்லை.

இருவரின் வருகை

பின்னாளில் உத்தம் குமார் எனப் பெயர்பெற்ற அருண்குமார் சட்டர்ஜி 1926 செப்டெம்பர் 3ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராகப் பணியாற்றிக்கொண்டே திரைத்துறையில் நுழைந்தார். நிதின் போஸ் இயக்கிய ‘திருஷ்டிதான்’ (1948) படத்தில் தோன்றியபின் தொடர்ந்து பல தோல்விகளைக் கண்டார். நிர்மல் தே இயக்கிய ‘பாசு பரிவார்’ (1952) அவருக்கு முதல் வெற்றியை அளித்தது. சுசித்ரா சென்னின் இயற்பெயர் ரமா தாஸ்குப்தா. 1931 ஏப்ரில் 6ஆம் நாள் பிறந்த அவர், இன்று வங்காளதேசத்திலுள்ள பப்னாவிற் கல்வி கற்றார். 1947இல் திருமணம் செய்து கல்கத்தாவுக்கு வந்தபின்னரே திரையுலகிற் புகுந்தார். ஒருவர் நகரத்து எழுதுவினைஞர் வர்க்கத்தின் மகன். மற்றவர் எல்லைக்கு அப்பாலான ஊரிலிருந்து வந்த பெண். அன்றைய கல்கத்தாவின் பார்வையாளரை இரண்டாகப் பகுப்பின் அப்பகுதிகள் இவ்விருவர் பிறப்பிலும் அடங்கக் காணலாம்.

இருவரும் இணைந்து தோன்றிய முதற்படம், நிர்மல் தே இயக்கிய ‘ஷாரே சுவாத்தர்’ (1953). எழுபத்துநாலரை என்பது அத்தலைப்பின் பொருள். உரியவரன்றிப் பிறர் கடிதத்தைப் பிரிக்கலாகாது என்பதற்குக் குறியாக அவ்வெண்ணைக் கடிதத்தின்மேல் எழுதும் வழக்கம் வங்காளத்தில் இருந்தது. ஆடவர் மட்டுமே தங்கும் கல்கத்தா விடுதியொன்றில், வீட்டை இழந்த குடும்பமொன்று அடைக்கலம் பெறுவதே கதையின் தொடக்கம். அக்குடும்பத்தின் மகளுக்கும் விடுதி இளைஞனொருவனுக்கும் இடையே காதற் கடிதங்கள் நடக்கின்றன. அப்படத்தின் உண்மையான நாயகர்கள் துளசி சக்கரவர்த்தியும் மலினா தேவியுமே. பானு பந்தோபாத்யாயாவின் கிழக்கு வங்காளப் பேச்சு நகைச்சுவைக்கு உயிரூட்டியது. காதல் இணைக்கு அதில் இரண்டாம் இடமே கிடைத்தது. ஆயினும் படத்தின் அடிப்படைச் சிக்கல் கவனிக்கத்தக்கது. காதலிப்பதற்கு இடமில்லை என்பதே அச்சிக்கல். எத்தனையோ கண்கள் நோக்கும் நெரிசலில் இருவர் தமக்கெனச் சிறிது தனிமையைத் தேடுகின்றனர். நெரிசலான வீடுகளிலிருந்து கொட்டகைக்கு வந்தோருக்கு அச்சிக்கலை எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

‘அக்னி பரீட்சை’யும் சட்டமும்

இணையின் புகழை நிலைநாட்டியது ‘அக்னி பரீட்சா’ (1954). ஆஷாபூர்ணா தேவியின் கதையை ‘அக்ரதூத்’ என்னும் கூட்டுப்பெயரிற் செயற்பட்ட குழுவினர் படமாக்கினர். சிறுமியாய் இருக்கையில் தாபசிக்குத் திருமணம் நிகழ்ந்துவிடுகின்றது. நவநாகரிகத்தை விரும்பும் தாய் அத்திருமணத்தை ஏற்க மறுக்கின்றாள். வளர்ந்த தாபசி கிரீட்டி என்னும் இளைஞனைக் காதலிக்கின்றாள். பழைய பந்தத்தை நினைந்து உள்ளம் நடுங்குகின்றாள். இறுதியில், காதலனே குழந்தைப் பருவத்திற் கைப்பிடித்த கணவன் என்பது தெரியவருகின்றது.

இக்கதை தோன்றிய காலம் நோக்கத்தக்கது. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியது. சாதி, சமய எல்லைகளைக் கடந்து பதிவுத் திருமணம் செய்ய வழிவகுத்த சிறப்புத் திருமணச் சட்டம் 1954இலும், மணமுறிவுக்கு இடமளித்த இந்துத் திருமணச் சட்டம் 1955இலும் இந்தியப் பாராளுமன்றத்தில் நிறைவேறின. திருமணம் விதியா அன்றி விருப்பமா என்று நாடே விவாதித்த வேளையில் ‘அக்னி பரீட்சா’ இரண்டும் ஒன்றே என விடைகூறிற்று. பெண் தானே தேர்ந்தெடுத்தாள். தேர்ந்தெடுக்கப்பட்டவனோ முன்னோர் காட்டியவனாகவே இருந்தான். விவாதத்தைத் தீர்க்கும் விடையாக இதனைக் கொள்ளமுடியாது; அது விவாதத்தின் வலியை ஆற்றியது என்பதே பொருந்தும். மரபை இழக்க அஞ்சியவரும் மரபினால் மூச்சுத்திணறியவரும் ஒரே கொட்டகையில் அருகருகே இருந்து மகிழ்வதற்கு அது இடமளித்தது.

இக்கதை தென்னாட்டுக்கும் வந்தது. 1959இல் ஆதுர்த்தி சுப்பாராவின் இயக்கத்தில் நாகேஸ்வரராவும் சாவித்திரியும் நடிக்க, தெலுங்கில் ‘மாங்கல்ய பலம்’ எனவும் தமிழில் ‘மஞ்சள் மகிமை’ எனவும் அது வெளிவந்தது. வங்காளத் தலைப்பு பெண் கடந்துவந்த சோதனையைச் சுட்ட, தென்னாட்டுத் தலைப்புகள் தாலியின் ஆற்றலைச் சுட்டின. ஒரே கதையில் விருப்பத்தின் பக்கம் எவ்வளவு சாய்வது, விதியின் பக்கம் எவ்வளவு சாய்வது என்பதில் ஒவ்வொரு மொழியும் தன் அளவைத் தானே தெரிந்துகொண்டமைக்கு இப்பெயர் மாற்றம் சான்றாகும்.

மறதியும் நினைவும்

இவ்விணையின் படங்களுள் ஆழ்ந்த பொருளுடையதெனக் கருதத்தக்கது ‘ஹாரானோ சுர்’ (1957). உத்தம் குமாரே தயாரிப்பில் ஈடுபட்ட இப்படத்தை அஜய் கர் இயக்கினார். ஜேம்ஸ் ஹில்டனின் நாவலையொட்டி ஹொலிவுட்டில் எழுந்த ‘ரண்டம் ஹார்வெஸ்ட்’ (1942) இதற்கு மூலமாகும். தமிழிற் சிவாஜி கணேசன் நடித்த ‘அமரதீபம்’ (1956) படத்துக்கும் அதே மூலமே தூண்டுதலாயிற்று. நினைவிழந்த அலோக் என்பவனை ரமா என்னும் பெண் மருத்துவர் குணப்படுத்த முயல்கின்றார். தம் ஊரான பலாஸ்பூருக்கு அழைத்துச் சென்று அவனை மணக்கின்றார். பின்னர் நேரும் விபத்தினால் அவனுக்குப் பழைய நினைவு மீள்கின்றது. இடைக்கால வாழ்வும் மனைவியும் அவன் நினைவிலிருந்து முற்றாக மறைகின்றனர். ரமா கல்கத்தாவிலுள்ள அவன் வீட்டிலேயே குழந்தையொன்றுக்கு ஆசிரியையாகச் சேர்ந்து, தன்னை அறியாத கணவனின் முன் நாள்தோறும் நிற்கின்றாள்.

ஆங்கில மூலத்தில் நாயகன் முதலாம் உலகப்போரில் நினைவிழந்த படைவீரன். வங்காளப் படத்திற் போர் இல்லை. ஆயின் அதைக் கண்டோர், தாம் வாழ்ந்த வாழ்வொன்று எல்லைக்கு அப்பால் நின்றுவிட, வேறொரு நகரில் வேறொரு வாழ்வைத் தொடங்கியவர்கள். ஒரு வாழ்வை அறிந்தவன் மற்றதை மறந்துபோகும் கதை அவர்கள் நெஞ்சைத் தொட்டதில் வியப்பில்லை. பிரிவினையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத படம் பிரிவினையின் துயரைத் தன்னுள் ஏற்றுக்கொண்டது எனப் பொருள்கொள்ள இடமுண்டு. நாயகி தொழில் புரியும் பெண் என்பதும், நோயுற்ற ஆணைத் தன் முடிவினால் ஏற்பவள் அவளே என்பதும் சிறப்பாகக் கருதத்தக்கன. தேவதாசின் பார்வதி காத்திருந்தாள், ரமா தேடிச்சென்றாள்.

‘சப்தபதி’ (1961) இன்னும் ஒருபடி மேலே சென்றது. தாராசங்கர் பந்தோபாத்யாயாவின் நாவலைத் தழுவி அஜய் கர் இயக்கிய இப்படத்தில் மருத்துவ மாணவனான கிருஷ்ணேந்து, ரீனா பிரவுன் என்னும் ஆங்கில-இந்தியப் பெண்ணைக் காதலிக்கின்றான். சமயம் குறுக்கே நிற்கின்றது. தந்தையின் வேண்டுகோள் பிரிக்கின்றது. இரண்டாம் உலகப்போர் மீண்டும் எதிரெதிரே கொணர்ந்து நிறுத்துகின்றது. கல்லூரி மேடையில் இருவரும் ‘ஒதெல்லோ’ நாடகக் காட்சியை நடிக்கும் பகுதி இன்றும் நினைக்கப்படுகின்றது. காதலின் உச்சத்தை ஒரு கொலைக்காட்சியின் வழியே காட்டத் துணிந்த படம் அது.

சேர்க்கையின் கூறுகள்

இந்த ஈர்ப்பு எவ்வெவற்றாலானது என்னும் வினா இவ்விடத்தில் எழுகின்றது. அக்கால இந்தியத் திரையிற் காதலர் முத்தமிடும் வழக்கம் இல்லை. எனவே உடலால் உணர்த்தவேண்டியவற்றை முகத்தாலும் குரலாலும் உணர்த்தவேண்டியிருந்தது. உள்ளத்து உணர்வு உடலிற் புலப்படும் வகையை மெய்ப்பாடு எனத் தமிழ் இலக்கண மரபு கூறும். கண்ணின் அசைவு, பாதி திரும்பிய முகம், சொல்லவந்து நிறுத்திய சொல் ஆகியவற்றையே இவ்விருவரும் பயன்படுத்தினர். இம்மெய்ப்பாடுகளைப் பார்வையாளரின் கண்ணருகே கொண்டுவந்தது ஒளிப்பதிவுக் கலை. அஜய் கர் அடிப்படையில் ஓர் ஒளிப்பதிவாளர். ‘அக்ரதூத்’ குழுவின் முதல்வரான பிபூதி லாஹாவும் அவ்வாறே. முகத்தின்மேல் ஒளி விழும் வகையை அறிந்தவர்களே இவ்விணையின் முதன்மையான இயக்குநர்களாக அமைந்தமை தற்செயலாகாது.

குரலும் அவ்வாறே. உத்தம் குமாரின் பாடற்குரல் பெரும்பாலும் ஹேமந்த முகர்ஜியுடையது. சுசித்ராவின் பாடற்குரல் சந்தியா முகர்ஜியுடையது. ‘ஹாரானோ சுர்’ படத்திற் கீதா தத் பாடினார். ‘சப்தபதி’யின் ஆங்கில நாடகக் காட்சிக்கு உத்பல் தத்தும் ஜெனிபர் கெண்டலும் குரல் கொடுத்தனர். இரசிகர் இருவரெனக் கண்டு உருகிய காதல், உண்மையில் எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், இசையமைப்பாளர், பாடகர் எனப் பலர் கூடி ஆக்கியதாகும். இதனை இரசிகர் அறியாதிருந்தனர் எனக் கூறமுடியாது. பாடகர் பெயர்களை வானொலி நாள்தோறும் கூறியது. ‘உல்டோரத்’ முதலிய திரைச் சஞ்சிகைகள் நடிகரைப் பற்றிய செய்திகளை இல்லந்தோறும் கொண்டுசேர்த்தன. இருவரும் வெவ்வேறு இல்லறத்தினர் என்பதும் யாவரும் அறிந்ததே. அறிந்தும் நம்பினர் என்பதே இரசிக உள்ளத்தின் இயல்பு. கூத்தைக் காண்பவன் அரிதாரத்தை அறியாமலா அழுகின்றான்?

இவர்கள் 1953 முதல் ‘பிரிய பாந்தபி’ (1975) வரை ஏறத்தாழ 30 படங்களில் இணைந்து நடித்தனர். மினார், பிஜலி, சவிகர் எனவும், உத்தரா, பூரபி, உஜ்ஜலா எனவும் தொடராக இயங்கிய கல்கத்தாக் கொட்டகைகள் வங்காளப் படங்களால் வாழ்ந்த காலம் அது. எல்லைக்கு அப்பாலும் இவ்விணைக்கு இரசிகர் இருந்தனர். 1965ஆம் ஆண்டுப் போரின்பின் பாகிஸ்தானில் இந்தியப் படங்கள் தடைசெய்யப்பட்டபோது, சுசித்ரா பிறந்த மண்ணின் கொட்டகைகளில் அவரது முகம் மறைந்தது.

மதிப்பீடு

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வெளிவந்த 1955ஆம் ஆண்டிலேதான் ‘ஷாப் மோச்சன்’, ‘சபார் உபரே’ ஆகிய இவ்விணையின் படங்களும் வெளிவந்தன. உலகம் முன்னதைப் போற்றியது. திறனாய்வாளர் பலர் பின்னவற்றைக் கருத்திற் கொள்ளவில்லை. அவர்கள் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. அகதிக் குடும்பமொன்றைத் தாங்கும் மகளின் வாழ்வு எவ்வாறு உருக்குலைகின்றது என்பதை ரித்விக் கட்டக் ‘மேகே டாக்கா தாரா’ (1960) படத்திற் காட்டினார். உத்தம்–சுசித்ரா படங்களில் அவ்வறுமை இல்லை. நாயகனுக்கு இறுதியில் வேலை கிடைக்கும். நாயகிக்கு வீடு கிடைக்கும். தடைகள் தனிமனிதரின் பிழைகளாகக் காட்டப்பட்டு நீங்கும். சமுதாயத்தின் முரண்பாடுகளைத் திருமணத்தாற் தீர்க்கலாம் என்னும் மயக்கத்தை அவை வளர்த்தன என்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும் கட்டக்கின் நாயகி இழந்தது எதுவோ, அதுவே இப்படங்களின் கனவாக இருந்தது. தான் விரும்பியவனுடன், தனக்கென ஒரு கதவை அடைத்துக்கொள்ளக்கூடிய வீட்டில், தன் தொழிலை விடாது வாழ்தல் என்னும் விருப்பம் எளியதன்று. 1950களின் வங்காளப் பெண்ணுக்கு அது பெரும் கோரிக்கை. அதனை மேடையில் முழங்கும் வாய்ப்பு அவளுக்குக் குறைவு. மூன்று மணி நேரம் இருட்டில் அமர்ந்து சுசித்ரா சென்னின் நிமிர்ந்த நோக்கைக் காண்பதன் வழியே அதனை அவள் தனக்குள் ஒத்திகை பார்த்தாள் எனலாம். கனவு தீர்வாகாது. ஆனால் ஒரு மக்கள் கூட்டம் எதனை இழந்து தவித்தது என்பதற்கு அதன் கனவு வலிய சான்றாகும். இச்சான்றை இழிவானதெனத் தள்ளும் வரலாறு, அகதிகளின் எண்ணிக்கையை அறியும். அவர்களின் நெஞ்சத்தை அறியாது.

இரசிகரின் ஆர்வத்துக்கு நடிகர் கொடுத்த விலையும் குறிப்பிடத்தக்கது. இருவரும் பெற்ற பெரும் விருதுகள் இவ்விணைக்குப் புறத்தே கிடைத்தன. சௌமித்ர சட்டர்ஜியுடன் நடித்த ‘சாத் பாகே பாந்தா’ படத்துக்காகச் சுசித்ரா 1963இல் மொஸ்கோ திரைப்பட விழாவிற் சிறந்த நடிகையாகத் தெரிவானார். 1967ஆம் ஆண்டுக்கான இந்திய தேசிய விருதை உத்தம் குமார் ‘அந்தனி பிரிங்கி’, ‘சிடியாகானா’ ஆகிய படங்களுக்காகப் பெற்றார். இணையைப் போற்றியவர் இரசிகர் மட்டுமே. ராயின் ‘நாயக்’ (1966) படத்தில் உத்தம் குமார் புகழின் உச்சியிலுள்ள நடிகனாகத் தோன்றித் தன் தனிமையை ஒரு பெண் பத்திரிகையாளரிடம் கூறுகின்றார். அங்கே காதல் இல்லை. கேட்டவற்றை எழுதிய தாள்களை அப்பெண் கிழித்துவிடுகின்றாள். மக்கள் விரும்பிய முகத்தின் பின்னே ஒரு மனிதன் இருந்தான் என்பதை அப்படம் அமைதியாக உணர்த்துகின்றது.

உத்தம் குமார் 1980 யூலை 24ஆம் நாள் தமது 53ஆம் வயதிற் காலமானபோது கல்கத்தாவின் வீதிகள் மக்களால் நிறைந்தன. சுசித்ரா சென் ‘பிரணய் பாஷா’ (1978) படத்தின்பின் நடிப்பை விட்டுப் பொதுவாழ்விலிருந்து முற்றாக ஒதுங்கினார். 2014 யனவரி 17ஆம் நாள் 82ஆம் வயதில் மறையும் வரை, மூன்று தசாப்தங்களுக்கு மேலாகத் தம் முகத்தை உலகுக்குக் காட்டாது வாழ்ந்தார். இரசிகர் அவரை எந்த வயதிற் கண்டனரோ அந்த வயதிலேயே அவர் நின்றுவிட்டார். ‘ஷாரே சுவாத்தர்’ படத்தின் நெரிசலான விடுதியிலே தனிமையை நாடிய பெண்ணாக வந்தவர் இறுதியில் அத்தனிமையைத் தாமே தெரிந்துகொண்டார். கதவைத் தட்டிக்கொண்டேயிருந்த இரசிகர், அது திறவாதபோதும் அன்பு குன்றாதிருந்தனர். ஒரு காலத்து மக்கள் தமக்குக் கிடைக்காத வாழ்வை இருவர் முகத்திற் கண்டு போற்றினர் என்பதே அவ்வன்பின் வரலாறாகும்.